தோள்மேல் நாலு விரல்

கடைக் கண்ணாடி வழியாக வெயில் மானிட்டரில் விழுந்து கூசுகிறது. டிசைனர் பெண் எழுந்துபோய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டு வந்து மறுபடி மவுஸைப் பிடிக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால், நாற்காலி நுனியில் அந்த அண்ணன்காரர். போன வருஷம் இதே இடத்தில் நின்று, "அவன் இருந்த தடமே தெரியக் கூடாதும்மா" என்று குடும்பப் படத்திலிருந்து தம்பியை எடுக்கச் சொன்னவர். "பழசக் கொண்டாந்துடலாம்ல? அவன் போய்ச் சேந்து பத்து நாளாச்சு. போன்ல இருந்ததயும் அன்னைக்கே அழிச்சுத் தொலச்சேன்." வேறு பெயரில் சேமிக்காமல் பழைய ஃபைல்மேலேயே சேவ் செய்தவள் அவள். "இல்லண்ணா. தப்பு என்னோடதுதான்." "சொன்னவன் நான்தானே." அவள் அந்தப் படத்தைத் திரையில் திறக்கிறாள். தம்பி நின்ற இடத்தில் இப்போது சுவர் நிற்கிறது. பக்கத்துச் சுவரை நகலெடுத்து அவனை மூடியதில், ஒரே விரிசல் இரண்டு தடவை ஓடுகிறது. சுத்தமான வேலை என்று அன்றைக்கு அவரே மெச்சியது. எதையோ தேடுபவள்போல அவள் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறாள். படத்திலிருக்கும் அண்ணன்காரரின் சட்டைத் தோளில், அன்றைக்கு அவள் கவனிக்காமல் விட்ட நாலு விரல் நுனி. மணிக்கட்டு இல்லை, ஆள் இல்லை. வேலைப் பழக்கத்தில் அம்புக்குறி அவற்றை அழிக்க நகர்கிறது. "வேண்டாம்மா, அது இருக்கட்டும்." அவர் கை தானாகத் தன் தோளுக்குப் போகிறது. அங்கே சட்டைத் துணிதான் இருக்கிறது. "ஒரு வருஷமா இந்தப் படம் என் கட்டிலுக்கு எதுத்தாப்லதாம்மா மாட்டியிருக்கு. நான் பாக்கவே இல்லையே."