சிக்குமுடி

ஓஹையோ வீட்டின் பின்புறத்தில் பீன்ஸ் பந்தலைச் சுற்றி, சண்முகவடிவு தன் சீப்பில் சேர்ந்த சிக்குமுடியைப் பழைய காலுறைகளில் அடைத்துத் தொங்கவிட்டிருந்தாள். மனித வாடை அடித்தால் மான் அண்டாதாம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன வைத்தியம். கணவர் ஆவுடையப்பனிடம் அவள் முடி கேட்கவில்லை. கேட்டு வாங்கும்படி அவர் தலையில் ஒன்றும் இல்லை.

வைத்தியம் பலித்தது. வெள்ளைவால் பெண்மான் ஒன்று தினமும் வரும், காலுறையை முகரும், முன்னங்காலால் தரையைத் தட்டும், பிறகு வாலைக் கொடிபோலத் தூக்கிக்கொண்டு பறந்துவிடும்.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, மூன்றே வாரம் என்று வடிவு பாளையங்கோட்டைக்குப் போய் இப்போது மூன்று மாதம். போன வாரம் ஆவுடையப்பனும் வெட்கத்தைவிட்டு ஒரு காலுறையை முகர்ந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. மானுக்கு மூக்கு கூர்மை, அதற்காவது தெரியும் என்று தேற்றிக்கொண்டார்.

இன்று காலை மான் முகர்ந்தது. காலைத் தட்டவில்லை, வாலைத் தூக்கவில்லை. சாவகாசமாக இலையைக் கடித்தது.

அவர் உடனே ஊருக்குப் போன் போட்டார். "வடிவு, மான் உள்ள வந்துட்டு."

"கையத் தட்டி விரட்டுங்க. அதையும் நான் வந்துதான் செய்யணுமா?"

"ஏளா, உன் வாசனை போயிட்டு. கொஞ்சம் முடி அனுப்பி வையேன்."



"தபால்லயா, நேர்லயா?"

"எது சீக்கிரம் வரும்?"

ஜன்னலுக்கு வெளியே மான் மெல்லுவதை நிறுத்தி, இரண்டு காதுகளையும் வீட்டுப் பக்கம் திருப்பியது.