மாமியின் குரல் மட்டும்

"எங்க மாமி பேசுறது மட்டும் டேப்புல விழணும் அண்ணே. பக்கத்துல நான் என்ன பேசினாலும் ஒரு எழுத்துகூட விழக்கூடாது."

ஹைருன் பீவி இப்படிச் சொன்னதும் மந்திரமூர்த்திக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. அப்போது தென்காசியில் வீடியோ எடுக்கிறவர்கள் இரண்டே பேர். அவர் அதில் ஒருவர். தன் குரல் நன்றாக விழவேண்டும் என்று கேட்டுத்தான் எல்லோரும் வருவார்கள். விழக்கூடாது என்று வந்தவள் இவள் ஒருத்திதான்.

அவள் புருஷன் துல்கர்னைன் சவூதியில், தம்மாமில் வேலையாக இருந்தான். கடைசியாக லீவில் வந்து உம்மா முகத்தைப் பார்த்து மூன்று வருஷமாகிறது, பேசச் சொல்லி வீடியோ எடுத்து அனுப்பு என்று எழுதியிருந்தான்.

மந்திரமூர்த்தி மேஜைமேல் மைக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கேமராவோடு சேர்ந்த மைக், தெருவில் போகிற சைக்கிள் மணிவரை எல்லாவற்றையும் வாரிக்கொள்ளும். நீளக் குழல்போல இருந்த இரண்டாவது மைக், திருப்பிய பக்கத்தை மட்டும் கேட்கும். ஆனாலும் அடுத்தவர் குரல் லேசாகக் கலக்கும். மூன்றாவது காலர் மைக். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. குற்றாலத்தில் போன சீசனில், பேசியவர்கள் குரலையெல்லாம் அருவி முழுங்கிவிட்டதால் வாங்கியது. யார்மேல் குத்தியிருக்கிறதோ அவர் பேச்சுதான் அதற்குத் தெரியும்.

அவர் வாய்ச்சொல்லை மட்டும் அவள் நம்பவில்லை. அந்த மைக்கை அவர் சட்டையிலேயே குத்தச்சொல்லி, தான் நாலடி தள்ளி நின்று என்னவோ முணுமுணுத்தாள். பதிந்ததைப் போட்டுக் கேட்டபிறகுதான், இதுவே இருக்கட்டும் என்றாள்.

அவள் போனதும் மந்திரமூர்த்திக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த வீட்டில் மருமகள் குரல்தான் வாசல்வரை கேட்கும். 'எத்தன தடவ சொல்லுதேன் மாமி', 'இப்பத்தான தின்னீக' என்று நாள் முழுக்க அதட்டல். மாமியார் சுல்தான் பீவியை வெளியே பார்த்து ஒரு வருஷமாகிறது. பூட்டி வைத்திருக்கிறாள் என்று தெருவில் பேச்சு. அதட்டலை மறைத்துவிட்டு, மகனுக்கு நல்லதாக ஒரு படம் காட்டப் பார்க்கிறாள்.

மனைவி முத்துவடிவிடம் சொன்னார். "கேமரா மைக்கிலயே எடுத்து அனுப்புங்க. மகன்காரன் கேக்கட்டும்" என்றாள் அவள். மந்திரமூர்த்தியின் தாயாரைக் கடையத்தில் தங்கை வீட்டில் கொண்டு விட்டு இரண்டு வருஷமாகியிருந்தது. அது வேறு விஷயம்.

மறுநாள் சாரல் விட்டிருந்த நேரத்தில் போனார். ஹைருன் பீவியே மாமியின் வெள்ளைத் துப்பட்டியில் மைக்கைக் குத்திவிட்டாள். ஒயரின் மறுமுனையை மந்திரமூர்த்தி கேமராவில் சொருகவில்லை. சொருகினமாதிரி கேமராவின் தோள்வாருக்கடியில் ஒளித்துவைத்துக்கொண்டார். கேமராவின் சொந்தக் காது திறந்தே இருந்தது. டேப் ஓடத் தொடங்கியது.

சுல்தான் பீவி கேமராவைப் பார்த்தாள். மந்திரமூர்த்தியைப் பார்த்தாள். யார் இவுக, பொண்ணு பாக்க வந்திருக்காகளா என்று மருமகளைக் கேட்டாள்.

கேமராவுக்குக் கீழே குத்தவைத்திருந்த ஹைருன் பீவி, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"மாமி, துல்கர்னைன் உங்களப் பாக்காக. 'வாப்பா துல்கர்னைன், சொகமா இருக்கியா'ன்னு கேளுங்க."

"துல்கர்னைனா? அது யாரு?"

"உங்க மவன்."

"எனக்கு மவனா?" சுல்தான் பீவி வெட்கப்பட்டு, வாயைத் துப்பட்டியால் மூடிக்கொண்டு சிரித்தாள்.

மந்திரமூர்த்தியின் விரல் தானாகவே கேமராவை நிறுத்தியது.

"ஒரு வருசமா இப்படித்தாண்ணே" என்றாள் ஹைருன் பீவி, தலையை நிமிர்த்தாமல். "வாசல் தொறந்து கெடந்தா வெளிய போயி, வீடு தெரியாம அலையுதாக. எங்க வீட்டுக்காரவுக வர இன்னும் எட்டு மாசம் கெடக்கு. பாஸ்போர்ட்டு கம்பெனிக்காரன்கிட்ட. நெனச்சாலும் வரமுடியாது. உம்மா தன்னைய மறந்துட்டாகன்னு தெரிஞ்சா, அந்த மனுசன் அங்கன ஒரு வாய் சோறு திங்கமாட்டாக."

மந்திரமூர்த்தி, ஒயரைச் சரியாகச் சொருகவில்லை, தப்பு என்மேல்தான் என்றார். அதில் பொய் எதுவும் இல்லை. டேப்பைப் பின்னால் ஓட்டி, ஒயரைச் சொருகி, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

இப்போது ஹெட்போனில் சுல்தான் பீவியைத் தவிர உலகத்தில் வேறு யாரும் இல்லை.

"வாப்பா துல்கர்னைன், சொகமா இருக்கியா." கொஞ்சம் மூச்சுச் சத்தம். "நேரத்துக்குத் தின்னு." மறுபடி மூச்சு. "வெயில்ல அலையாத ராசா."

குரலில் கனிவுகூட இருந்தது. இவ்வளவு போதும் என்று அவர் நிறுத்தப்போனபோது அந்தக் குரல் திடீரென்று கறாரானது.

"இந்த ஹைருனு எனக்கு ஒரு வாய் கஞ்சி நேரத்துக்குத் தாரதில்ல. என்ன சொன்னாலும் எதுத்து எதுத்துப் பேசுதா."

மந்திரமூர்த்தி நிமிர்ந்தார். மகனை மறந்தாலும் இதை மட்டும் மறக்கவில்லையே. அப்படியென்றால் தெரு சொன்னது உண்மைதானே என்று கேமராவிலிருந்து கண்ணை எடுத்துக் கீழே பார்த்தார்.

ஹைருன் பீவியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. மாமி அந்த உதடுகளையே பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டேப் முடிந்ததும், உன்னைப்பற்றி நீயே ஏன் தங்கச்சி கோள் சொல்லிக் கொடுக்கிறாய் என்று கேட்டார்.

அவள் மாமியின் துப்பட்டியிலிருந்து மைக்கைப் பதனமாகக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

"மாமி சொல்லச் சொல்ல அவுகளுக்குக் கடுதாசி எழுதுனது பூரா நாந்தாண்ணே. பதினோரு வருசத்துல என்னையக் குறை சொல்லாம ஒரு கடுதாசி போனதில்ல. இப்ப மட்டும் சொல்லலைன்னா, உம்மாவுக்கு என்னமோ ஆயிட்டுன்னு அவுக கண்டுபிடிச்சிருவாக."