உள்ளே தட்டுகிறான்

எங்கள் மலையில் குழிமேட்டில் மண்வெட்டியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம். கொடுத்தவனுக்குப் பின்னாலேயே வாங்கியவனும் போய்விடுவான் என்று பயம். தரையில் போட வேண்டும், அடுத்தவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான் போட்டதை லெபோனா சித்தப்பா எடுத்தார். மண் தள்ளவில்லை. மண்வெட்டியோடு அப்பாவின் குழிக்குள் குதித்துவிட்டார்.

“நிறுத்துங்கடா! உள்ள தட்டுறான்!”

எழுபத்திரண்டு வயது. கம்பளி ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம். பெட்டியின் மேலேயே நின்று மூடியை வெட்டினார். மூன்றாவது வெட்டில் பலகை பிளந்தது. உள்ளே போர்த்தியிருந்த வெள்ளைத் துணி கிழிந்து அப்பாவின் நெற்றி தெரிந்தது.

அம்மா அப்படியே மண்ணில் சரிந்தாள்.

அரை மணி நேரத்துக்கு முன்புதான் அப்பாவின் வாழ்க்கையை ஊர் கேட்க வாசித்திருந்தோம். மோய்கெட்சி, எல்லைக்கு அந்தப் பக்கம் தங்கச் சுரங்கத்தில் முப்பத்தெட்டு வருஷம். ஆறு பிள்ளைகள். ஒருவர் மேலும் கை ஓங்கியதில்லை. லீவில் வந்தால் முதல் வேலையாக அம்மாவின் பானையைத் திறந்து பார்ப்பார், அப்புறம்தான் பூட்ஸைக் கழற்றுவார். அதைக் கேட்டு ஊரே சிரித்தது.

பிறகு, எல்லாருக்கும் மனப்பாடமான அந்தக் கதை.

சுரங்கத்தில் பாறை சரிந்து, அப்பாவோடு வேலை பார்த்த லெபோனா உள்ளே சிக்கிக்கொண்டார். மூன்று நாள் தோண்டினார்கள். இனி பிணம்தான் கிடைக்கும், வழியை அடைத்துவிடுங்கள் என்றார் மேலதிகாரி. அப்பா பாறையில் காதை வைத்தார். உள்ளே தட்டுகிறான் என்றார். மற்றவர்களும் காது வைத்தார்கள். யாருக்கும் கேட்கவில்லை. அப்பா பெற்ற பிள்ளையின் தலைமேல் சத்தியம் செய்தார். இன்னும் ஒரு நாள் தோண்டினார்கள். உயிரோடு எடுத்தார்கள்.

அப்போதே துளை போடும் மெஷின் அப்பாவின் காதில் பாதியைத் தின்றிருந்தது. “நான் தொண்டை கிழியக் கத்துனா கேக்காது. பாறைக்குள்ள எவனோ தட்டுனா கேக்குமாம்” என்று அம்மா கடைசிவரை கேலி செய்தாள்.

அந்த லெபோனாதான் இப்போது அப்பாவைப் பெட்டியோடு வெட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. குழிக்குள் குதித்தேன். அவர் கையிலிருந்து மண்வெட்டியை நேராகவே பிடுங்கினேன். இழவுச் சாப்பாட்டுக்குக் காளையறுத்த ரத்தம் என் நகத்தில் இன்னும் காயவில்லை. மண்வெட்டிக் காம்பால் அவர் மண்டையில் போட்டேன். ரத்தம் பீறிட்டு வெள்ளைத் துணியில் தெறித்தது.

“தட்டுறான்டா, தோண்டு!”

இன்னொரு அடி. அவர் தடுக்கக்கூட இல்லை. பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மேலேயிருந்து என் தம்பியின் தடி இறங்கியது. தோளில் எலும்பு முறிகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. நாலு பேர் இறங்கி, சட்டையைப் பிடித்து இழுத்து மேலே போட்டார்கள். தம்பி விலாவில் மிதித்தான். இன்னொரு முறை மிதித்தான். கிழவிகள்கூட “விடாதே” என்றார்கள்.

நானும் மேலே ஏறி, அவர் நெஞ்சில் முட்டியை ஊன்றிக் கழுத்தைப் பிடித்தேன்.

“யாருய்யா தட்டுனா? செத்துக் கிடக்கிற மனுஷனா தட்டுனாரு?”

வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினார். ஒரு பல்லும் சேர்ந்து விழுந்தது.

“எனக்கு ஒண்ணும் கேக்கலடா.”

முறியாத கையை மட்டும் என் முகத்துக்கு நேரே தூக்கினார். அந்தச் சரிவுக்குப் பிறகு அவருடைய பத்து விரலும் நிமிர்ந்ததே இல்லை. மடங்கியே கிடக்கும்.

“அன்னைக்கு நானும் தட்டல. ரெண்டு கையும் பாறைக்கடியில. எதை வெச்சுத் தட்டுவேன்? உங்கப்பன் எனக்காகப் பொய் சொன்னான். அவனுக்காக நானும் ஒரு தடவை சொல்லிப் பாத்தேன்.”

தம்பியின் தடி ஓங்கியபடியே நின்றது.

நான் எழுந்தேன். மண்வெட்டியைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் தரையில் போட்டேன். அவர் எடுக்கும்வரை யாரும் மண்ணைத் தொடவில்லை.

அப்பா சத்தியம் செய்த வருஷம் வீட்டில் பிள்ளையென்று இருந்தது நான் ஒருவன்தான்.