இடப்பக்க முறுக்கு

கால்மிதியைத் தூக்கினால், அடியில் ஒரு மஞ்சள் ஒயர் படுத்திருந்தது.

கம்பெனி போட்ட ஒயர் இல்லை. பேட்டரியிலிருந்து நேராகக் கிளம்பி, சாவியிடம்கூட ஒரு வார்த்தை கேட்காமல், டிரைவர் சீட்டுக்கு அடியில் பதுங்கிப் போனது.

கார்க்காரர் என் முதுகுக்குப் பின்னால் நின்று புலம்பிக்கொண்டிருந்தார். வாங்கி ஒரு மாதம்தானாம். பழைய கார் வேண்டாம் என்று மனைவி தலைபாடாக அடித்துக்கொண்டாராம். புது சீட் கவர் போட்டு அழகு பார்த்தாராம், அன்றிலிருந்து பிடித்தது சனி. இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் பேட்டரி காலி.

முன்பு வைத்திருந்தவரே கார் ஒயர் வேலை செய்கிறவர், கவலையே வேண்டாம் என்று புரோக்கர் சத்தியம் செய்தாராம். அந்த லட்சணம்தான் இது, எல்லாவற்றையும் பிடுங்கிப் போடுங்கள் என்றார்.

பிடுங்குவது பெரிய காரியமில்லை. ஆனால் எங்கே போகிறது என்று பார்க்காமல் ஒரு ஒயரைப் பிடுங்க எனக்குக் கை வராது.

சீட்டுக்கு அடியில் முதல் ஜாயின்ட் இருந்தது. டேப்பைப் பிரித்தேன்.

உள்ளே வெள்ளை நூல்.

காருக்குள் வெயில் ஏறினால் டேப்பின் பசை இளகிவிடும். அதனால் ஒயரை முறுக்கியதும் நூலால் மூன்று சுற்று சுற்றி, முடிச்சுப் போடாமல் நுனியை உள்ளே செருகிவிட்டு, அதற்கு மேல்தான் டேப் ஒட்டுவேன். நான் பார்த்தவரை வேறு யாரும் இப்படிச் செய்வதில்லை. அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது?

நானே செய்துவிட்டு மறந்துவிட்டேனோ என்று பார்த்தேன். நூலைப் பிரித்தேன்.

முறுக்கு இடப்பக்கமாகப் போயிருந்தது.

என் தம்பி நொட்டாங்கைக்காரன்.

இந்தக் கடையை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் திறந்தோம். நான் நூலை எடுத்தாலே, “மளிகைப் பொட்டலம் கட்டுறியாக்கா?” என்பான். அவன் முறுக்குவான், டேப்பை ஒட்டுவான், அடுத்த வண்டிக்குப் போய்விடுவான். செத்தாலும் நூலைத் தொடமாட்டானாம்.

அவன் கடையை விட்டுப் போய் ஆறு வருடமாகிறது. போன் எண்ணை மாற்றிவிட்டான். எங்கே இருக்கிறான், சாப்பிடுகிறானா, ஒன்றும் தெரியாது. தெருவில் யாராவது இடது கையால் வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டு போனால் இன்றைக்கும் வாசல் வரை போய் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

புரோக்கரின் எண்ணைக் கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். கார்க்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். சரி, எண் கிடைத்துவிட்டது. அவனும் கிடைத்துவிட்டால் என்ன சொல்வது? ஆறு வருடமாக அதுதான் தெரியவில்லை.

ஒயரின் பின்னாலேயே போனேன். கால்மிதிக்கு அடியில், பின்பக்கக் கதவு ஓரமாகப் போய், பின் சீட்டின் பக்கவாட்டில் ஏறியது. அங்கே புது சீட் கவர் விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தது. தையலைக் கொஞ்சம் பிரித்தேன்.

உள்ளே சின்னதாக ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பொத்தான். அமுக்கினால் எரியும், கையை எடுத்தால் அணைந்துவிடும். யாரும் மறந்துபோய் எரியவிடக் கூடாது என்று யோசித்துப் போட்டது. அதைத்தான் கவர் ஒரு மாதமாக இரவு பகலாக அமுக்கிக்கொண்டிருந்தது.

பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். நன்றாகக் குனிந்தால்தான் என் கைக்குப் பொத்தான் எட்டியது. யாருக்காக இவ்வளவு கீழே வைத்தான்?

பொத்தானின் மேல் ஒரு முயல் ஸ்டிக்கர். ஒரு காதை யாரோ நகத்தால் சுரண்டி எடுத்திருந்தார்கள்.

நான் அத்தை.

எத்தனை வயதுக் கை இந்த உயரத்துக்கு வரும் என்று விரலை மடக்கிக் கணக்குப் போட்டேன். மூன்று இருக்கும். நாலு இருக்கும். இருட்டென்றால் பயம் போலிருக்கிறது. அதுவும் தம்பி மாதிரிதான்.

“எந்த மடையன் பாத்த வேலைம்மா இது?” என்றார் கார்க்காரர்.

ஆறு வருடத்துக்கு முன்னால் இதே இடத்தில் நின்று வேறொருவர் இதையேதான் கேட்டார். அவர் வண்டி நடுவழியில் புகைந்துவிட்டது. கருகிய ஜாயின்ட்டை வெட்டிக் கொண்டுவந்து நீட்டினார். அதில் நூல் இல்லை. நூல் இல்லாத ஜாயின்ட் என்றால் யார் கை என்று தெருவுக்கே தெரியும். எல்லோரும் தம்பியைத் திட்டினார்கள்.

அவன் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் ஸ்குரூடிரைவரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அந்த முறுக்கு வலப்பக்கமாக இருந்தது. அன்றைக்கு ஒருநாள் அவசரத்தில் நூல் சுற்றாமல் விட்டவள் நான்.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

முயலின் மேலிருந்து விரலை எடுத்தேன். விளக்கு அணைந்தது.

“என் தம்பி செஞ்சதுங்க,” என்றேன். “தப்பு அவன் மேல இல்ல.”

சீட் கவரைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக் கார்க்காரர் தலையாட்டினார்.