தேய்ந்த பொத்தான்

"மாப்பிள்ளை ஒங்கூட மனசு விட்டுப் பேசுறாரா?" கல்யாணமான மறு வருஷம் உம்மா கேட்டதற்கு மெஹர்பானு இன்னும் பதில் சொல்லவில்லை. லம்பா லைன் பகுதி ஒர்க்‌ஷாப்பில், பழைய காரின் முன்சீட்டில் கணவன் அன்வருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். மெக்கானிக் யோகராஜ் ஸ்டியரிங்கை எட்டிப் பார்க்கிறான். "மத்த பொத்தானெல்லாம் புதுசாட்டம் இருக்கு பாய். வால்யூம் ஏத்துறது மட்டும் மொட்டையாயிருச்சு. அவ்வளவு பாட்டுப் பைத்தியமா?" அன்வர் சிரிக்கிறான். அவள் வாய் திறக்கும்போதெல்லாம் அவன் கட்டைவிரல் அதைத்தான் அமுக்கும் என்று யோகராஜுக்கு எப்படித் தெரியும். ஏர்பேக் வெடித்துவிடாமலிருக்கக் கால் மணி நேரம் சும்மா விடணும் என்று பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு யோகராஜ் டீ குடிக்கப் போகிறான். மழை விட்ட தகரக் கூரை சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. ஏழு வருஷத்தில் இந்த வண்டி இப்படி ஊமையாக இருந்ததில்லை. "உம்மாவுக்கு ரொம்ப முடியலையாம். நாளைக்கு அவங்க தீவுக்கு, கேம்பெல் பேக்கு, கப்பல் இருக்கு. போய்ப் பாத்துட்டு வந்துடட்டுமா?" அன்வர் கண்ணாடியில் வழியும் நீரையே பார்க்கிறான். யோகராஜ் திரும்பி வந்து, புதுப் பொத்தானை மாட்டி, பேட்டரி ஒயரை மறுபடி இணைக்கிறான். "இதை விட்டா அடுத்த கப்பல் பத்து நாள் கழிச்சுத்தாங்க," என்கிறாள். அன்வரின் கட்டைவிரல் புதுப் பொத்தானை அமுக்குகிறது. இந்திப் பாட்டு காரை நிறைக்கிறது. "ஏக்தம் ஃபஸ்ட் கிளாஸ் பாய்," என்கிறான் யோகராஜ். மெஹர்பானு கதவைத் திறந்து சேற்றில் இறங்கி, துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, துறைமுகம் போகும் ரோட்டில் நடக்கிறாள்.