கதவோரம் ரெண்டு ஸ்பீக்கர்

"கூடத்து ரெண்டு மூலையிலும் ஸ்பீக்கர் வெச்சாத்தானுங்க பாட்டு எடுக்கும். உள்ரூம் கதவை ஒட்டி வெச்சா கதவுதான் அதிருமுங்க" என்றான், சேலத்திலிருந்து செட் மாட்ட வந்த அருணகிரி.

"கதவோரமே இருக்கட்டும். நாளைக்கு என் ஒரே மகளைப் பொண்ணு பாக்க வாராங்க. சத்தம் தூக்கலா இருக்கோணும்" என்றார் செங்கோட்டையன்.

"இந்த ஊட்டுக்கு இந்த ஆம்ப்ளிபயரே அதிகமுங்க."

மகள் வசந்தாமணி இருவருக்கும் காப்பி கொண்டுவந்தாள். அருணகிரி கேசட்டைப் போட்டான். கூடமே கிடுகிடுத்தது. பாட்டு முடிந்து கேசட்டைத் திருப்பிப் போடுவதற்குள், பூட்டியிருந்த கதவை உள்ளிருந்து யாரோ தட்டினார்கள்.

"வசந்தா, அக்காளுக்கும் பாட்டு கேக்கோணும். கதவைத் தொற சாமி!"

வசந்தாமணி தலையைக் குனிந்துகொண்டாள். செங்கோட்டையன் நிதானமாகக் காப்பியை உறிஞ்சினார்.

"இதைவிடப் பெரிய ஆம்ப்ளிபயர் இருக்குதாப்பா?"