இறங்காத கோல்

இசையாசிரியர் பயிற்சியின் கடைசித் தேர்வு அது. பயிற்சியில் இருப்பவர்களே பள்ளிப் பிள்ளைகளாக அணிவகுத்து பேண்ட் வாசிக்க, ஒருவர் முன்னால் நடந்து கோலை உயர்த்தி நடத்த வேண்டும். கோல் இறங்கும்வரை யாரும் நிற்கக் கூடாது.

மெர்லினின் முறை. மைதானத்தைப் பாதி சுற்றித் திரும்பியபோது, பெரிய டிரம்மைச் சுமந்துவந்த இன்பராஜின் மூக்கிலிருந்து ரத்தம் வழிவதைப் பார்த்தாள். அவன் கண்கள் கோலிலேயே இருந்தன. அவள் மணிக்கட்டு ஒரு கணம் தளர்ந்தது. தேர்வாளர் பேனாவை எடுப்பதைக் கண்டதும் மறுபடி விறைத்துக்கொண்டது. பாட்டு முழுவதும் முடிந்த பிறகுதான் கோலை இறக்கினாள்.

“ஒரு அடிகூடப் பிசகலம்மா. பிரமாதம்,” என்றார் தேர்வாளர்.

இன்பராஜ் மூக்கைப் பொத்திக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். சட்டையெல்லாம் ரத்தம். மெர்லின் அவன்மேல் எரிந்து விழுந்தாள். “நீயாவது நின்னு தொலைச்சிருக்கலாம்ல?”

“நீ கோலை இறக்கலையே.”

மெர்லின் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, தூரத்தில் நின்றவர்களை நோக்கிக் கோல் இருந்த கையைத் தூக்கினாள்.

இன்பராஜ் மூக்கிலிருந்து கையை எடுத்து, டிரம் குச்சியைப் பிடித்தான்.